தறிகள் நின்ற காலை

குழந்தைக்கு ஒன்றும் ஆகாது; இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பச்சைக் குழந்தை வருகிற கதை என்றாலே சிலருக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும், கடைசி வரைக்கும் பயந்துகொண்டே கேட்பார்கள். வேண்டாம். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள்ளுங்கள். குழந்தை சௌக்கியம். தவிப்பெல்லாம் அதைப் பெற்றவளுக்குத்தான்.

பெற்றவள் பெயர் கலையரசி. சின்ன காஞ்சிபுரத்தில், பெருமாள் கோயில் மதிலைத் தாண்டிப் போனால் வருகிற ஒரு நெசவுத் தெருவில் குடியிருந்தாள். வீட்டுக் கூடத்திலேயே குழித்தறி போட்டு, கூலிக்குப் பட்டுப் புடவை நெய்தாள். புருஷன் பூவராகவனுக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை. எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு மத்தியானம் தறியில் உட்கார்ந்திருந்தவளுக்குத் திடீரென்று வலி வந்துவிட்டது. ஆட்டோ, ஆஸ்பத்திரி, மயக்க மருந்து. கண்ணைத் திறந்தபோது வயிறு தட்டையாகக் கிடந்தது. குழந்தை குறைமாசம், மூச்சு விடச் சிரமப்படுகிறது என்று அதை வேறு ஊரில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோயிருந்தார்கள். தாய் ஓர் ஊரில், பிள்ளை ஓர் ஊரில்.

தையல் காய்ந்து எழுந்து நடக்க முடிந்த பிறகுதான் அவளால் போய்ப் பார்க்க முடிந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள், மூக்கில் குழாயோடு, கண்ணைத் துணியால் மூடி ஒரு சின்ன உயிர் கிடந்தது. "உங்க பொண்ணு" என்றாள் அங்கிருந்த நர்ஸ். கலையரசி தலையை ஆட்டினாள். உள்ளே ஒன்றும் ஆடவில்லை.

குழந்தை தேறி வீட்டுக்கு வந்தாயிற்று. பால் குடித்தது, எடை ஏறியது. கலையரசி ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் தூளியில் கிடக்கும் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், யாரோ நம்பிக்கையோடு விட்டுவிட்டுப் போன பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற மாதிரிதான் இருந்தது. ஆஸ்பத்திரியில் குழந்தை மாறிவிடவில்லை. அது அவளுக்கே நன்றாகத் தெரியும். அப்பன் மூக்கு அப்படியே இருந்தது. இருந்தும், வயிற்றுக்குள் இருந்ததே ஒன்று, அது எங்கேயோ பாதி வழியில் இறங்கிவிட்டது, இது வேறு என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் ஊர் என்ன பேசும்?

அப்போதுதான் கைப்பேசியில் அந்தப் படங்களைப் பார்த்தாள். பிறந்த குழந்தைகள், காலை மடக்கி, முட்டியைத் தாடைக்கு இழுத்து, நத்தை மாதிரி சுருண்டு தூங்குகிற படங்கள். எடுத்தவள் செவிலிமேட்டில் இருக்கிற போட்டோக்காரி எஸ்தர். கலையரசி போன் போட்டாள்.

"அக்கா, பொறந்து ரெண்டு வாரத்துக்குள்ள எடுத்துடணுமாமே. எங்க பாப்பா பொறந்து மாசத்துக்கு மேல ஆயிடுச்சு. இனிமே முடியாதா?"

"ஏம்மா, கொறமாசமா?"

"ஆமாக்கா."

"அப்ப பொறந்த நாளு வேணாம். பிரசவத்துக்கு டாக்டரு மொதல்ல குடுத்த நாளு எது?"

"போன வெள்ளிக்கிழம."

"பாரு, உன் பொண்ணு கணக்குப்படி இப்பத்தான் வந்துருக்குது. நாள் தாண்டல. டாக்டரு கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு சொல்லு, அவுரு சரின்னா நானே வூட்டுக்கு வரேன், நீ கொழந்தய வெளிய தூக்கிக்கினு அலையாத. ஆனா ரொம்பத் தள்ளாத. கொஞ்ச நாள் போச்சுன்னா கையக் கால நீட்டிக்கும். அப்புறம் சுருண்டு படுக்காது, நாமளும் சுருட்டக் கூடாது." எஸ்தர் நிறுத்திவிட்டுக் கேட்டாள், "உனக்கு எந்த மாதிரி போட்டோ வேணும்? பூக்கூடையா, தொப்பியா?"

கலையரசி தூளியைத் திரும்பிப் பார்த்தாள்.

"கலையரசி? லைன்ல கீறியாமா?"

"வயித்துல எப்பிடி இருந்துச்சோ அப்பிடி ஒண்ணு எடுத்துக் குடுக்கா. பாக்கணும்." குரல் இறங்கிப்போயிற்று. "இதுதானா அதுன்னு பாக்கணும்."

எஸ்தர் முன்பு ஓர் ஆஸ்பத்திரியில் பச்சைக் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தவள். கேமரா பிற்பாடு வந்தது. கண்ணாடிப் பெட்டிகளுக்கு இந்தப் பக்கம் நின்று தலையாட்டிய அம்மாக்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். அதனால் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை.

"வரேன்மா" என்றாள். "ரூம் மட்டும் கதகதப்பா, சத்தமில்லாம இருக்கட்டும்."

டாக்டர் சரி என்று சொல்லிவிட்டார், நாளும் குறித்தாயிற்று.

'சத்தமில்லாமல்' என்ற அந்த ஒரு சொல்லைப் பூவராகவன் பிடித்துக்கொண்டான். முந்தின நாள் சாயங்காலம் வீடு வீடாக ஏறி இறங்கினான். நாளைக் காலையில் பாப்பாவுக்கு போட்டோ எடுக்கிறோம், ஒரு காலை மட்டும் யாரும் தறி ஓட்டாதீர்கள் என்று கேட்டுக்கொண்டான். ஒரு காலை நின்றால் ஒரு காலைக் கூலி போயிற்று என்பது அவனுக்குத் தெரியாததா? ஆனாலும் செத்துப் பிழைத்த பிள்ளை ஆயிற்றே. தெரு முழுக்கச் சரி என்றது. எதிர்வீட்டு முனுசாமி மட்டும் முனகினார்.

"முகூர்த்தப் பொடவடா ராகவா. பொண்ணு வூட்டுக்காரங்க தினம் போன் பண்ணிக்கினு கீறாங்க."

"ஒரு காலம்பரதானே சித்தப்பா."

"நீ போப்பா, நான் பாத்துக்கறேன்" என்று உள்ளேயிருந்து வந்தாள் முனுசாமியின் மனைவி மணியம்மாள். "இவுரு தறி நாடாவத் தொட்டாருன்னா, நாளைக்கு சோத்துப் பானைய நான் தொட மாட்டேன்."

மறுநாள் விடிந்தது. அந்தத் தெரு அப்படி ஒரு விடியலைக் கண்டதில்லை.

ஒவ்வொரு வீட்டிலிருந்தும் டக், டடக் என்று எழும்பி, ஒன்றோடொன்று கலந்து, கடைசியில் யாருக்குமே காதில் விழாமல் போய்விடுகிற அந்தச் சத்தம் இல்லை. அது இல்லாத இடத்தில் என்னென்னவோ வந்து உட்கார்ந்தன. கோயில் மணி ஒரு தரம் அடித்துவிட்டு, அதன் ரீங்காரம் தெருக்கோடி வரை நடந்து போய்த் திரும்பி வந்தது. யார் வீட்டிலோ சொட்டிய தண்ணீர் எல்லார் வீட்டிலும் சொட்டியது. ஆட்கள் கிசுகிசுவென்று பேசிக்கொண்டார்கள். தெரு நாய் கூட நடுத்தெருவில் நின்று, காதைத் தூக்கி, என்னவோ தொலைந்துபோன மாதிரி இரண்டு பக்கமும் பார்த்தது. வெயில் மட்டும் தன்பாட்டுக்கு ஓடுகளில் இருந்து இறங்கி, ஜன்னல் வழியாக ஒவ்வொரு தறியாகத் தொட்டுப் பார்த்தது. நூல்கள் அசையாமல் மின்னின.

இந்த அமைதிக்குள் எஸ்தர் தன் ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு வந்தாள். வண்டிச் சத்தம் அவளுக்கே வெட்கமாகிப்போய், தெருமுனையிலேயே என்ஜினை நிறுத்திவிட்டாளாம்.

வந்ததும் வளையல், மோதிரம், கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றினாள். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். "யாருக்காச்சும் சளி, இருமல்?" என்று கேட்டு வாய் மூடவில்லை, பூவராகவன் ஒரு தும்மல் போட்டான்.

"தூசி மேடம். தூசிதான்."

"தூசியோ என்னவோ, நீ வாசல்லயே நில்லு."

"எம்பொண்ணு போட்டோவ நானே பாக்கக் கூடாதா?"

"ஜன்னல் கீதுல்ல, பாரு" என்று அவனை முதுகில் கைவைத்து வெளியே தள்ளினாள், ஒத்தாசைக்கு வந்திருந்த மணியம்மாள்.

கூடத்தில் கலையரசியின் தறி வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தது. பாதிப் புடவை அதிலேயே நின்றுபோயிருந்தது. அதற்குப் பக்கத்தில் எஸ்தர் வட்டமான மெத்துமெத்தென்ற திண்டு ஒன்றைப் போட்டு, மேலே வெள்ளைப் போர்வை விரித்தாள். சின்ன ஹீட்டரை எட்ட வைத்து, சூடு எவ்வளவு என்று அளந்தாள். குழந்தையின் பிடரியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மணியம்மாள் ஆசை ஆசையாக ஜரிகை போட்ட பட்டுத் துண்டு ஒன்றை நீட்டினாள்.

"இதுல சுத்துமா. நம்ம ஊரு புள்ள, பட்டுல எடுக்காம?"

"ஜரிக கீறும்க்கா. இதுக்குத் தோலே இன்னும் சரியா வரல. பின்னாடி தொங்கவுடலாம், ஒடம்புல வேணாம்."

ஜன்னல் கம்பிக்கு வெளியே இருந்து ஒரு கை கைப்பேசியை உள்ளே நீட்டியது. "மேடம், இந்த மாதிரி எடுக்க முடியுமா? புடவையில கட்டி, தறி மரத்துல இருந்து தொங்கவுட்டு."

படத்தில் ஒரு குழந்தை துணி மூட்டைக்குள் அந்தரத்தில் தூங்கிக்கொண்டிருந்தது.

"அது தொங்கவே இல்லப்பா. கீழ திண்டு, பக்கத்துல ஆளு, புடிச்சிக்கினு ஒரு கை. எல்லாத்தயும் அப்புறம் கம்ப்யூட்டர்ல அழிச்சுட்டாங்க. அது தெரியாம நெஜமாவே கட்டித் தொங்கவுடறவங்களும் கீறாங்க. நான் பண்ண மாட்டேன்."

"இவன மொதல்ல கட்டித் தொங்கவுட்டு ஒரு போட்டோ எடும்மா" என்றாள் மணியம்மாள். கை ஜன்னலில் இருந்து மெல்லப் பின்வாங்கியது.

எல்லாம் தயார். குழந்தை பால் குடித்திருந்தது, வயிறு நிறைந்திருந்தது. எஸ்தர் தன் பையிலிருந்து கையளவு பெட்டி ஒன்றை எடுத்து முடுக்கினாள். சோவென்று மழைச் சத்தம். எந்தக் குழந்தையும் இதற்கு மயங்கிவிடும். தாயின் வயிற்றுக்குள் இப்படித்தான் இரைச்சலாக இருக்குமாம்.

இந்தக் குழந்தை அழுதது.

மழையைக் கூட்டினாள், குறைத்தாள். அழுதது. தோளில் போட்டுத் தட்டினாள். அழுதது. கலையரசி வாங்கி மறுபடி பால் கொடுத்தாள். இரண்டு வாய் குடித்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதது. துணியை மாற்றினார்கள், ஹீட்டரைத் தணித்தார்கள், மணியம்மாள் தாலாட்டினாள். அத்தனை பெரிய அமைதியில் அந்தச் சின்னக் குரல் ஒன்றே தெரு நீளத்துக்கும் போயிற்று. வேலையில்லாமல் வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் அதைக் கேட்டு உச்சுக் கொட்டினார்கள். இன்னும் அமைதியாக இருக்கட்டும் என்று ஒருவர் போய், நடுத்தெருவில் நின்ற அந்த நாயையும் துரத்திவிட்டு வந்தார்.

வெயில் வாசற்படி ஏறிவிட்டது. எஸ்தர் குழந்தையின் உள்ளங்காலைத் தடவிப் பார்த்தாள். பிறகு கேமராவின் மூடியைப் போட்டாள்.

"இன்னிக்கு வேணாம் கலை. களைச்சுப் போச்சு. இதுக்கு மேல பிடிவாதம் புடிச்சா நாம கெட்டவங்க."

"அடுத்த வாரம்?"

எஸ்தருக்குப் பொய் சொல்ல வராது. "வரேன். தூங்கற மாதிரி, சிரிக்கற மாதிரி நல்லா எடுக்கலாம். சுருண்டு படுக்கறது... சொல்ல முடியாதும்மா. இப்பவே கால நீட்ட ஆரம்பிச்சிட்டுது பாரு."

கலையரசி அழுகிற குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் முகத்தையே பார்த்தாள். தெரியாத ஊரில் வழி கேட்கப் போனவள் மாதிரி இருந்தது அவள் பார்வை. 'ஒரே ஒரு தரம் அந்த மாதிரி படுத்துக் காட்டக் கூடாதா?' என்று கேட்பது போல.

எதிர்வீட்டில் முனுசாமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. டீ குடித்தார். மறுபடி டீ குடித்தார். வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தார். தறிக் குழியில் காலை விட்டுச் சும்மா உட்கார்ந்தார். சும்மா உட்கார்ந்தவர் கை சும்மா இருக்குமா? அப்போது அவருக்கு ஒரு நியாயம் தோன்றியது. தூங்குகிற குழந்தை முழித்துக்கொள்ளும் என்றுதானே தறியை நிறுத்தச் சொன்னார்கள்? அதுதான் முழித்துக்கொண்டு கத்து கத்தென்று கத்துகிறதே. இனிமேல் எழுப்ப என்ன இருக்கிறது?

டக்.

டடக்.

"கெடுத்தாரு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் மணியம்மாள்.

"சித்தப்பா!" பூவராகவன் தெருவைத் தாண்டி ஓடினான். "யோவ் சித்தப்பா, நிறுத்துயா! சொன்னேன்ல?"

"எதுக்குடா கத்தற? அது பாட்டுக்கு அழுதுக்கினுதானே கீது?"

"இல்ல" என்றாள் கலையரசி.

அவள் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. கேட்டது வேறு: குழந்தையின் அழுகை நின்றிருந்தது. விக்கலோடு ஒரு பெருமூச்சு வந்தது. இறுக்கி வைத்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. எதிர்வீட்டில் தறியின் பலகை அடிக்க, அடிக்க, அந்த அடி தெருவைக் கடந்து, தரை வழியாக வந்து, ஜன்னல் கம்பியைத் தொட்டு, தறி மேல் போர்த்திய துணியைக் கூட லேசாக நடுங்க வைத்தது. கண்ணிமைகள் கனத்து, ஒருமுறை திறந்து, ஒன்றையும் பார்க்காமல் மூடிக்கொண்டன. எஸ்தர் மெல்லக் கையை நீட்டி மழைப்பெட்டியை அணைத்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை எஸ்தர் வெகு நாள் கழித்தும் சொல்லுவாள். தூங்குகிற குழந்தை கலையரசியின் மடியில் தானாகவே திரும்பியதாம். யாரும் தொடவில்லை. முட்டிகள் மேலே வந்தன. கன்னம் கைக்குள் போயிற்று. முதுகு வளைந்து, அம்மாவின் வயிற்றின் வளைவோடு ஒட்டிக்கொண்டது.

"இப்ப திண்டுல படுக்க வெக்கலாம்" என்று எஸ்தர் மூச்சுக் குரலில் சொன்னாள்.

"இருக்கா." கலையரசி மணியம்மாள் பக்கம் திரும்பினாள். "அத்தே, மாமா கிட்ட கொஞ்சம் நிறுத்தச் சொல்லு."

"என்னாத்துக்குடி? இப்பத்தானே தூங்குது!"

"நிறுத்தச் சொல்லுத்தே. ஒரு தரம் பாக்கணும்."

மணியம்மாள் எஸ்தரைப் பார்த்தாள். எழுந்துவிட்டால் மறுபடி தூங்குமோ தூங்காதோ, இன்றைக்குக் கிடைத்த ஒரே தருணம் கையை விட்டுப் போனாலும் போகும். எஸ்தர் கலையரசியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, சரி என்று தலையசைத்தாள். மணியம்மாள் ஜன்னலில் இருந்து கையைக் காட்ட, பூவராகவன் பார்த்துச் சொல்ல, எதிர்வீட்டுத் தறி நின்றது.

அமைதி திரும்பி வந்தது. குழந்தையின் நெற்றி சுருங்கியது. உதடு பிதுங்கியது. மடங்கியிருந்த வலது கால் பின்னுக்குப் போய், குதிகாலால் ஓர் உதை விட்டது, கலையரசியின் கடைசி விலா எலும்புக்குக் கீழே.

கலையரசி அந்த இடத்தைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"இங்கதான்கா" என்றாள். "இங்கயேதான். நான் நெய்துக்கினு இருக்கும்போது அசையவே அசையாது. டீ குடிக்க எழுந்தா, நூலு அறுந்துச்சுன்னு நிறுத்துனா, ஒடனே இங்க ஒண்ணு குடுக்கும். உள்ள இருந்து. வேலையப் பாருடீன்ற மாதிரி. நான் அத மேஸ்திரின்னுதான் கூப்பிடுவேன். யாருக்கும் தெரியாது. 'இரு மேஸ்திரி, ஒரு வாய் டீ குடிச்சிக்கறேன்'னு..."

குழந்தை இன்னொரு தரம் உதைத்தது, அதே இடத்தில்.

"வந்துட்டேன் மேஸ்திரி" என்றாள் கலையரசி. குனிந்து, அதன் காதருகில். "வந்துட்டேன்டி. நான்தான் லேட்டு."

எஸ்தர் ஜன்னல் பக்கம் போய், தெருவைப் பார்த்துக் கையை வேகமாக ஆட்டினாள். முனுசாமியின் தறி மறுபடி எழும்பியது. நெற்றிச் சுருக்கம் கலைந்தது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, பூவராகவனிடம் ஜாடையில் கேட்டு, அவரும் தறியில் உட்கார்ந்தார். அதற்கடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. மழை பிடிக்கிற மாதிரி, ஓரிடத்தில் தொடங்கிய சத்தம் தெரு முழுக்கப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் அது யாருக்கும் கேட்காமல் போயிற்று, எப்போதும் போல.

எஸ்தர் குழந்தையை இரண்டு கையாலும் ஏந்தித் திண்டில் வைத்தாள். மூக்கும் வாயும் திறந்தபடி இருக்கிறதா, கழுத்து மடங்கவில்லையா என்று பார்த்தாள். "முதுகுல கைய வெச்சுக்கினே இரு, எடுக்காத" என்று கலையரசியிடம் சொல்லிவிட்டு, மண்டியிட்டாள். கேமரா ஒரு முறை கண் சிமிட்டியது. இன்னொரு முறை.

"கலை, இங்க பாரேன். நீ கேட்ட மாதிரியே வந்துருக்குது." எஸ்தர் கேமராவின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள்.

கலையரசி திரும்பவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்ததை விட்டுக் கண்ணை எடுக்க மனசு வரவில்லை.

"அப்புறம் பாக்கறேன்க்கா" என்றாள்.

எதிர்வீட்டிலிருந்து முனுசாமியின் குரல் தறிச்சத்தத்துக்கு மேல் கிளம்பியது. "ராகவா, போட்டோ ஆயிடுச்சான்னு கேளுடா! பசிக்குது, எழுந்து சோறு தின்னலாமா?"

"தின்னக் கூடாது!" மணியம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பதில் கொடுத்தாள். "காலைல நிறுத்தச் சொன்னா ஓட்டுனல்ல? இப்ப ஓட்டு! அவ முழிக்கற வரிக்கும் ஓட்டு!"

கலையரசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிரசவத்துக்குப் பிறகு அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. வாயை மூடிக்கொண்டும் அடங்கவில்லை; தோள் குலுங்கி, கை குலுங்கி, கைக்குக் கீழே இருந்த குழந்தையும் குலுங்கியது. போயிற்று, எழுந்துவிட்டது என்று எஸ்தர் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

குழந்தை எழவில்லை. வயிற்றுக்குள் இருந்தபோது அந்தச் சிரிப்பில் எத்தனையோ தரம் குலுங்கித் தூங்கியதுதானே அது. முட்டியை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு, தூங்கியது.